இருபது ரூபாய்ப் பத்திரம்

மதுரையில் எக்கோ எடுத்தவர்
திரையைத் திருப்பிக் காட்டினார்.
இதயத்தின் நடுச்சுவர் பத்தொன்பது மில்லிமீட்டர்.
பதினொன்றோடு நின்றிருக்க வேண்டுமாம்.
எண்ணூறு மீட்டரை
இரண்டு நிமிடம் பதினொன்றில் நான் முடித்த மாதம் அது.
அந்தப் பதினொன்றைத்தான் பேசுவார்கள் என்றிருந்தேன்.

காரைக்குடி திரும்பிய மறுநாளே
கல்லூரிக் கடிதம் தயார்.
'மாணவியின் நலன் கருதி.'
முதல்வர் அறையில் அப்பா உட்காரவில்லை.
புதுவயல் ரைஸ் மில்லிலிருந்து நேரே வந்தவர்,
தவிடு நாற்காலியில் ஒட்டிவிடுமென்று.

இருபது ரூபாய்ப் பத்திரம் கொண்டுவந்திருந்தார்.
நிலம் விற்கிற அதே வாசகம்:
எனது குமாரத்தி அழகுநாச்சி
மைதானத்தில் விழுந்தால்
நானோ என் வாரிசுகளோ
எக்காலத்தும் எவ்விதப் பாத்தியமும் கோரமாட்டோம்.
சுயநினைவுடனும் மனப்பூர்வமாகவும்.

வக்கீல் இரண்டு தரம் படித்தார்.
"உயிரை எழுதிக்கொடுக்க முடியாது ஐயா.
கோர்ட்டில் நிற்காது."
நிற்குமென்றால் வாங்கியிருப்பீர்களா?
நான் கேட்கவில்லை.
போன வருடம் வேறொரு கல்லூரியில்
கபடி ஆடிய பையன் சாய்ந்ததும்
நோட்டீஸில் எத்தனை லட்சம் என்பதும்
அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
அவன் பெயர்தான் யார் வாயிலும் வரவில்லை.

உடற்கல்வி இயக்குநர்
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
இருதயராஜ் சார்.
அந்தப் பெயரைச் சொல்ல இப்போது கூச்சமாயிருக்கிறது.
மூன்றாவது சுற்றுப் பயிற்சியில் நான் மயங்கியதை
டாக்டரிடம் சொன்னவர் அவர்தான்.
சொல்லாதீர்கள் என்று கையைப் பிடித்திருந்தேன்.
அவர்மேல் கோபம் வருகிறது,
பாதியில் நின்றுவிடுகிறது.

விடுதி அறை, காலை முட்டை, இரண்டு டம்ளர் பால்
எல்லாம் ஒரே பத்தியில் முடிந்தன.
ஸ்பைக்ஸைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஆணியிடுக்கில் இருந்த செம்மண்ணைத் தட்டிவிட்டு
ஸ்டோர்காரர் ஏட்டில் கையெழுத்து வாங்கினார்.

இப்போது தினமும் புதுவயலிலிருந்து பஸ்.
ஏழு இருபது வண்டி நிற்காது,
வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.
பையை நெஞ்சோடு அணைத்து ஓடுகிறேன்.
முப்பது மீட்டர். சில நாள் அறுபது.
"ஓடியா பாப்பா, ஓடியா" என்று
படியில் தொங்குகிறவர்கள் கத்துகிறார்கள்.
ஏறியதும் விசில்.
உள்ளே தடதடக்கிறது
அந்தப் பத்தொன்பதும்.
கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்து
நீட்டுகிறார் கண்டக்டர்.
அதில் நான்
எங்கேயும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.