மூன்று நிமிடம்

பனி அள்ளும் வண்டிக்குப் புது டயர்:
நாற்பது நிமிடம் பேசி, ஏகமனதாக.
அடுத்து ஏழாவது தீர்மானம்,
மருந்துக் கஞ்சாவுக்கு ஒரு கடை.

பள்ளியிலிருந்து ஆயிரம் அடி, என்றார் டிபெட்ஸ்.
தேவாலயத்திலிருந்தும், என்றது பின்வரிசை.
வரைபடத்தில் வட்டங்கள் போட்டோம்.
வட்டத்துக்கு வெளியே மிஞ்சியது
ஆறும் இடுகாடும்.

லோர்னா வெஸ்டர்பி எழுந்தாள்.
டிபெட்ஸையும் என்னையும்
பள்ளிப் பேருந்தில் ஏற்றிப்போனவள்.
எழுதிவந்த தாள் கையோடு சேர்ந்து உதறியது;
ஒலிவாங்கியில் தகரக் கூரை மழை.
ஒரு வரிகூட வரவில்லை.
மணி அடித்தது.
குறிப்பேட்டில் எழுதினேன்: 'பேசினார்.'

மே மாதத்துக்கு ஒத்திவைப்பு.

வெளியே மைனஸ் இருபது.
வாசலில் டிபெட்ஸ் குனிந்து
அவள் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.
மேல் பொத்தான்
நுழையவே மாட்டேன் என்றது.