தரம் பார்ப்பவன்

பகாவ் எண்ணெய் ஆலை வாசலில் இருபத்திரண்டு வருஷம்
லோரிகளின் அடிவயிற்றைக் கொக்கியால் கிளறியவன் நான்.
மேலே சிவந்த குலை, அடியில் கருங்காய்.
எந்த டிரைவரும் என்னை ஏமாற்றியதில்லை.

என் கல்லீரலில் மட்டும் ஒன்று
பதினோரு மாதம்
பழமாக நடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

கோலாலம்பூரில்
என் ரத்தத்துக் காவல் அணுக்களையே பிரித்தெடுத்து
மரபணுவில் ஒரு வரி சேர்த்து
ஊசியில் திருப்பித் தந்தார்கள்.
"இது தடுப்பூசி மாதிரி, அங்கிள்.
கொல்லாது. கள்ளன் முகத்தை
மற்ற அணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.
பலிக்குமா, இன்னும் தெரியாது"
என்றார் டாக்டர் ஹஸ்லினா.

நேற்று மூன்றாவது ஊசி. ராத்திரி முழுக்கக் காய்ச்சல்.
ருக்கு ஈரத்துணியோடு அழுதாள்.
எனக்கென்னவோ
உள்ளே எவனோ குலை புரட்டுகிற சத்தம்
கேட்டது போலிருந்தது.

ஏழு மணிக்கு முதல் லோரி வரும்.