மூன்றுக்குக் குறைந்தவை

கால்வே நகரத்துத் தடுப்பூசி மையம். செவ்வாய்.
முந்தாநாள் தொடங்கிய மழையை
இன்னும் யாரும் போதுமென்று சொல்லவில்லை.
யுர்கிதாவின் கையில் ஒரு சீட்டு,
சீட்டில் பன்னிரண்டு எழுத்துக்குப் பெயர்.
லித்துவேனியாவிலிருந்து வந்து ஒன்பது வருடம்;
நீவ், ஷிவோன் எல்லாம் நாக்குக்குப் பழகிவிட்டன.
இது புதிது.

"லசைர்ஃபியோனா?"
யாரும் எழவில்லை.
"லேசர்... ஃபையோனா?"
மூலையில் கோல்மன்
குழந்தையின் காலுறையைச் சரிசெய்தான்,
ஏற்கெனவே சரியாக இருந்த காலுறையை.
மூன்றாவது விளிக்கு மரேட் எழுந்தாள்.
"லசரீனா. நாங்கள்தான்."

"இதில் எஃப் இருக்கிறதே?"
"இருக்கும். பக்கத்தில் எச் வந்து நின்றால் பேசாது."
"அப்போது அந்த எச்?"
"எஃப்பை வாயடைக்க வந்தது.
வந்த வேலை முடிந்ததும்
அதுவும் வாயை மூடிக்கொள்ளும்."

இதைத் தமிழில் எழுதும் எனக்கு
இந்த இடத்தில் கொஞ்சம் திண்டாட்டம்.
எஃப் வேண்டுமென்றால் நாம்
முப்புள்ளியைக் கூட்டிவந்து
பகரத்துக்கு முன்னால் உட்காரவைப்போம்.
அவர்களோ எஃப் வேண்டாமென்றால்
எச் ஒன்றைக் கூட்டிவந்து பின்னால் நிறுத்துகிறார்கள்.
அரை மாத்திரைக்குப் புள்ளி வைத்தோம்,
உகரம் தேய்ந்தால் அதற்கும் ஒரு பெயர் வைத்தோம்,
மாத்திரையே இல்லாமல் வந்து நிற்கும் எழுத்துக்கு
நம் இலக்கணத்தில் நாற்காலி இல்லை.
ல, ச, ரீ, னா.
நான்கில் முடித்துவிட்டேன்.
மீதி எட்டுக்குக் கணக்குக் கேட்காதீர்கள்.

தழல். திராட்சை மதுவின் தழல்.
அதுதான் பொருள்.
கோல்மன் குடியை விட்டு ஏழு வருடம்.
மரேட் முதலில் சொன்ன இரவு
கெட்டில் கொதித்து அடங்கும்வரை அதையே பார்த்திருந்துவிட்டு,
"இந்த ஒன்று மட்டும் வீட்டில் இருக்கட்டும்" என்றான்.

மையத்துக் கணினிக்கு
ஈகாரத்தின் தலையிலிருந்த சாய்கோடு செரிக்கவில்லை;
அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியைத் துப்பியிருந்தது.
நாலு மாதப் பிள்ளைக்குப்
பெயருக்குள்ளேயே சந்தேகம்.
யுர்கிதா பேனாவால் திருத்தினாள், ஊசி போட்டாள்.
குழந்தை வீறிட்டது.
அந்த உச்சரிப்பில் யாருக்கும் குழப்பமில்லை.

மறு வருடம் பெயர்ப் பட்டியல் வெளியானது.
மரேட் மேலிருந்து கீழே ஒருமுறை,
கீழிருந்து மேலே ஒருமுறை.
காப்பகத்தில் மட்டுமே மூன்று கிரேஸ்,
கிரேஸ் எம், கிரேஸ் டி, வெறும் கிரேஸ்.
லசரீனா எங்கும் இல்லை.
மூன்று பிள்ளைகளுக்குக் குறைவாக வைத்த பெயரை
அரசு அச்சிடுவதில்லை;
ஆள் அடையாளம் தெரிந்துவிடுமாம்.
வெளியில் காட்டாமல் மகிழ்ந்தாள்,
புது மோதிரத்தைக் கையுறைக்குள் போட்டிருப்பவள் போல.

பிறகு ஒரு ஜூன் மாதம், சால்ட்ஹில் கடற்கரை.
அதிசயமாக வெயில்.
"லாஸ்ரீனா! தண்ணிக்குள்ளே போகாதே!"
கூப்பிட்டது மரேட் இல்லை.
மகள் திரும்பினாள்.
சிவப்பு வாளியோடு இன்னொரு சிறுமியும் திரும்பினாள்.

டோனகால் பக்கத்துப் பெண்; முதல் எழுத்தை இழுத்தாள்.
"நீங்கள் ஏன் குறுக்குகிறீர்கள்?"
"நீங்கள் ஏன் நீட்டுகிறீர்கள்?"
இருவரும் புன்னகைத்தார்கள்,
மற்றவள் தவறு என்ற முடிவோடு.
"உங்களுடையவள் எப்போது பிறந்தாள்?"
அதே வருடம். அக்டோபர்.

சாண்ட்விச்சின் உறையைப் பிரித்தபடியே
மரேட்டுக்குக் கணக்கு உறைத்தது.
மூன்று என்றால் அச்சில் வந்திருக்கும்.
வரவில்லை.
அப்படியென்றால் அந்த வருடத்தில்
நாடு முழுக்கப் பிறந்த லசரீனாக்கள்,
ஒருத்திகூடக் குறையாமல்,
அரசு இத்தனை பத்திரமாய் மறைத்த அத்தனை பேரும்,
இதோ ஒரே மணற்குழியில்,
முட்டிவரை ஈரமாய்,
யார் வாளி பெரிது என்று சண்டை போடுகிறார்கள்.
ஒருத்தியை ஒருத்தி
"ஏய்" என்றுதான் கூப்பிடுகிறாள்.