எண்பத்து மூன்றாம் நிமிடம்

புந்தா அரேனாஸில் ஜூன் மாதம் நாலரைக்கே இருட்டிவிடும்.
யெர்கோவின் கடைக்கதவைத் திறக்க
காற்றோடு ஒரு கைகலப்பு.
உள்ளே போனதும் கேட்டேன்:
கெர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கிற
கிராபிக்ஸ் அட்டை ஒன்று வேண்டும்.

அவன் முதலில் எடுத்தது மூன்று விசிறி வைத்தது.
பெட்டியில் டிராகன்,
விலையில் என் ஒன்றரை மாதச் சம்பளம்.
வேண்டாம், இதன் டிரைவரை உள்ளே திறந்து காட்டமாட்டார்கள்.
போன மார்ச்சில் கெர்னல் புதுப்பித்த காலை
என் திரை கறுத்துக் கிடந்தது,
பூனை உறங்கும் அடுப்பாக.

அடுத்தது பழையது.
யாரோ நோட்டரியின் மேசைக்கடியிலிருந்து கழற்றியது,
விசிறியே இல்லை, அலுமினியச் சீப்பு மட்டும்.
"இதில் விளையாட்டு எதுவும் ஓடாதே, நெல்தா."
"எனக்கு ஓட வேண்டியது ஒரே விளையாட்டு.
தொண்ணூறு நிமிடம்."

அவன் முகம் சுருங்கியது.
காரணம் இருக்கிறது.

என் தம்பி எலியேசர்
நீரிணையின் மேற்கு வாயிலில் கலங்கரை விளக்கம் காக்கிறான்.
அங்கே இணையம் கிடையாது.
நான்கு மாதத்துக்கொரு கப்பல்:
மாவு, டீசல், உறைகளில் கடிதம், என் டிவிடி.
சென்ற முறை அவசரம்.
பதினாறு மடங்கு வேகத்தில் எரித்தேன்,
பக்கத்து ஜன்னலில் ரொட்டிச் செய்முறை தேடிக்கொண்டே.
துறைமுக அணிக்கும் ஆலை அணிக்கும் இறுதி ஆட்டம்,
எண்பத்து மூன்றாம் நிமிடம், பெனால்டி.
ஊதப்போகும் நடுவரின் கன்னம்
சதுரம் சதுரமாக உடைந்து
அப்படியே நின்றுவிட்டது.

அவன் ரேடியோவில் சொன்னான்:
யாரும் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.
ஊர்வாயை மூட உலைமூடி இல்லை.
ஆனால் அந்த அலைவரிசையில் இருந்த
நண்டுப் படகுக்காரர்கள் அத்தனை பேரும்
நான்கு மாதம் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆலை அணியின் கோல்காவலன் யெர்கோ.

"இந்தா, ஐம்பது தட்டு, மலிவு.
பதினாறிலேயே எரி, ஆறே நிமிடம்,"
என்று சிரித்தான்.
நான் பூட்டிய கண்ணாடிக்குள்ளிருந்த
விலை கூடிய பத்தைக் காட்டினேன்.
அட்டைக்குப் பாதிப் பணம் கொடுத்தேன், மீதி கடன்.

இரவு எல்லாவற்றையும் மூடினேன்,
உலாவியை, அஞ்சலை, கெட்டிலின் சுவிட்சைக்கூட.
புது அட்டை மூச்சுக் காட்டவில்லை,
திரை ஒருமுறையும் இமைக்கவில்லை.
டெர்மினலில் ஒற்றை வரி. வேகம் நான்கு.
துத்தநாகக் கூரையைக் காற்று பிய்க்கப் பார்க்கும்போது
பதினைந்து நிமிடம் என்பது நீளம்.
நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்,
மேசையை உரசினாலும் பாவம் என்பதுபோல.

பிறகு திரும்பப் படிக்கச் சொன்னேன்.
முப்பத்திரண்டு எழுத்து மூலத்துக்கு,
முப்பத்திரண்டு தட்டுக்கு.
உள்ளே ஒரு துளி பிசகினாலும்
அத்தனை எழுத்தும் முகம் மாறிவிடும்.
முதல் தட்டு முகம் மாறிற்று.
அது இப்போது காப்பிக் கோப்பைக்கு அடியில்.
இரண்டாவது பொருந்தியது.
விரல் வைத்து, உதடசைத்து, இரண்டு முறை பார்த்தேன்.
மூன்றாவதும்.

மென்முனைப் பேனாவால் தேதி மட்டும் எழுதினேன்.
ஒன்றைக் கப்பல் தலைவரின் இழுப்பறையில்,
ஒன்றை மாவு மூட்டைக்குள்.
வியாழன் கப்பல் புறப்பட்டது.

ஒன்பது நாள் கழித்து,
காலை ஏழு மணி வானிலை அறிக்கை.
எலியேசரின் குரல், அரசாங்கக் குரல்:
மேற்குக் காற்று, ஐம்பது நாட்.
பார்வைத் தூரம் இரண்டு மைல்.
கடல் கொந்தளிப்பு.
யெர்கோ இடப்பக்கம் பாய்ந்தான்,
பந்து நடுவில் நடந்து போயிற்று.
அறிக்கை முடிந்தது.

ஒரு நொடி இரைச்சல் மட்டும்.
அப்புறம் நீரிணை நெடுக
ஒவ்வொரு படகாகச் சிரிக்கத் தொடங்கியது.

யெர்கோ கடையிலும் ஒரு ரேடியோ உண்டு.
மீதிப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.
அடுத்த வாரம் போகலாம்.
காற்று கொஞ்சம் அடங்கட்டும்.