இடக்கை

ஊதியூர் மலைக்கு மேலே
தரையிலிருந்து முந்நூற்றெழுபது மீட்டர்.
மாசி வெயில் கொறங்காட்டை வறுத்து
சூட்டை உருண்டை உருண்டையாய் அனுப்பிக்கொண்டிருந்தது.
பருந்து ஒன்று முதலில் ஏறியது, நான் அதன் பின்னால்.
அதற்கு அந்தச் சூட்டின் விளிம்பு தெரிந்தது.
எனக்குத் தெரியவில்லை.

சத்தம்தான் முதலில்.
ஈரப் போர்வையை உதறினாற்போல் ஒரு பட்.
பிறகு வலக்கை பிரேக்கில் கனமே இல்லை.
எதிர்முனையில் ஆள் வைத்துவிட்டுப் போன
ஃபோனைப் பிடித்திருப்பது மாதிரி.

நிமிர்ந்து பார்த்தேன்.
பாராகிளைடரின் வலப்பாதி
கொடியில் காயப்போட்ட துணியாய்த் தொங்க,
மீதிப் பாதி என்னைத் தூக்கிக்கொண்டு
செத்த பக்கமாகவே திரும்பியது.
காங்கயம் சாலை, காற்றாலை, கிளுவை வேலி
எல்லாம் இடப்புறமாய் வழிந்தன.

திருப்பூரில் எனக்குத் துணி பார்க்கிற வேலை.
விளக்கு மேசைமேல் ஓடுகிற பனியன் துணியில்
ஓட்டை, விட்டுப்போன இழை, எண்ணெய்க் கறை.
மடிப்பைக் கண்டால் கை தானாகப் போகும்,
இழுத்து நீவும்.
பதினோரு வருசச் சம்பளம் அந்தக் கைக்குத்தான்.
அதுதான் இப்போதும் முந்தியது.

இழுக்கக் கூடாது.
திறந்திருக்கும் பாதியை அளவு மீறி இழுத்தால்
அதுவும் பறப்பதை மறந்துவிடும்.

போன கார்த்திகையில் அமராவதி அணைக்கு மேலே
இதை வேண்டுமென்றே செய்து பார்த்திருக்கிறோம்.
கீழே தண்ணீர், தண்ணீரில் படகு, படகில் நல்லசிவம்.
"முதலைகளுக்கு இன்னைக்கு லீவுங்க, தைரியமா மடிங்க."
அங்கே மடிப்பு நான் கூப்பிட்டு வந்தது.

ரேடியோ கரகரத்தது. இன்றைக்கு மலையடியில் அதே குரல்:
"கோகிலவாணி, ஒண்ணும் பண்ணாதீங்க.
ஒரு மூச்சு விடுங்க.
அப்புறம் இடது பிட்டத்துல உக்காருங்க."

உட்கார்ந்தேன்.
இடது பிரேக், பொங்குகிற பாலுக்கு
அடுப்பைத் தணிக்கிற அளவு.
ஓடிக்கொண்டிருந்த சென்னிமலை
எதிரே வந்து நின்றது.

அப்புறம்தான் வலக்கை.
ஆழமாய் ஒரு இழுப்பு, விடு. இன்னொன்று.
மூன்றாவதில் அறை அறையாய்க் காற்று புகுந்தது.
ஆனால் ஓர நுனி மட்டும் கயிறுகளுக்குள் மாட்டி
சைக்கிள் சக்கரத்தில் போன துப்பட்டாவாய் வரமாட்டேன் என்றது.

இருநூற்றுப் பத்து.
விலாவோரம் சிவப்புப் பிடி. பார்த்தேன். தொட்டேன்.
பைக்குள் மாற்றுக்குடை மடிந்து கிடந்தது.
நூற்றைம்பதில் யோசிக்காமல் எறிவது என்று
காலையில் தரையில் நின்று எனக்கு நானே சொன்னது.
இன்னும் அறுபது மீட்டர் என்னுடையது.

ஓரத்துக் கயிறு ஒன்று, பச்சை நிறம்,
மற்றவற்றை விட்டு விலகித் தனியாய் இறங்கும்.
அதைப் பிடித்து, கைக்குமேல் கை வைத்து இறக்கினேன்.
இதற்கு மட்டும் என் விரல்கள் பழகியிருந்தன,
சிக்கெடுப்பது நூலாய் இருந்தால் என்ன.
நுனி நழுவியது. விரிந்தது.
விரிந்த வேகத்தில் குடை தலைக்கு முன்னால் பாய,
இரு கையும் ஒரு கணம் கீழே, உடனே மேலே;
திமிறுகிற கன்றைக் கயிற்றில் நிறுத்தி
நின்றதும் இளக்கிவிடுவார்களே, அப்படி.

நூற்றெழுபத்தைந்து.

இறங்கிய காட்டில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து கிடந்தது.
ஒரு மயிலைப் பசு மெல்லுவதை நிறுத்திப் பார்த்தது.
படலைச் சாத்திக்கொண்டிருந்தவர் கேட்டார்:
"ஏனுங்க, மேல என்னமோ சுருண்டுச்சே, பழுதுங்களா?"
"இல்லீங்க, மடிஞ்சுபோச்சு."
"அட! அங்கயே நீவி விட்டுட்டு வந்தீங்களாக்கும்."
சிரிக்கப் போனேன், உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது.
தண்ணீர் கேட்டேன்.

அன்றிரவு பறப்புக் குறிப்பேட்டில்:
பருந்தை விட்டு விலகினேன், என் தவறு.
சிக்கு எடுத்தது சரி. முன்பாய்ச்சலைப் பிடித்தது சரி.
முதல் விநாடியில் இடக்கை இழுத்தது.
கொஞ்சம்தான். ஆனால் இழுத்தது.
நல்லசிவத்துக்குக் கீழிருந்து அது தெரியவில்லை.