உள்ளங்கையளவு

துடைக்காதீர்கள் என்றுதான்
முதலில் சொல்வேன்.
துடைப்பதற்குக் காசு வாங்குகிறவன்
இப்படிச் சொன்னால் முழிக்கத்தான் செய்வார்கள்.

மேட் கறுப்புக்கு மெழுகு ஆகாது.
பாலிஷ் ஆகாது.
பெட்ரோல் பங்க்கின் சுழலும் பிரஷ்
ஆகவே ஆகாது.
போர்த் தண்ணீர் காய்ந்தால்
பள்ளிக்கரணை உப்பு
தேமல் மாதிரி திட்டுத்திட்டாய் நிற்கும்.
கேன் தண்ணீரில் கழுவுங்கள் என்பேன்.
"குடிக்கவே கணக்குப் பார்க்கிறோம் பாஸ்"
என்று சிரிப்பார்கள்.
சிரித்துவிட்டு வாங்குவார்கள்.

காக்காய் எச்சத்துக்கு இருபது நிமிஷம் கெடு.
சித்திரையில் பத்து.
ஈரத்துணி போர்த்தி, ஊறவிட்டு
எடுக்க வேண்டும்.
எடுப்பது வேறு, தேய்ப்பது வேறு;
இதை விளக்கியே
என் பாதி நாள் போகிறது.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமத்தை
வெற்றிலையில் வைத்து வைப்பரில் செருகுங்கள்,
சாமி கோபித்துக்கொள்ளாது:
ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற
ஜெபசிங் கொடுக்கிற உத்தரவாதம்.

மினுங்காமல் இருக்க
மூன்று லட்சம் கூடுதலாம் இந்தக் கறுப்புக்கு.
எங்கள் வீட்டில் அதே நிறத்தைத்
தங்கையின் பயோடேட்டாவில்
மாநிறம் என்று எழுதினோம்.

போன வெள்ளிக்கிழமை
சோழிங்கநல்லூரிலிருந்து அழைப்பு.
பதினாலாம் மாடி ஹரிஹரசுதன்.
"உடனே வாங்க."
குரலில் யாரோ இறந்திருந்தார்கள்.

அடித்தள பார்க்கிங், டியூப் லைட்,
பானெட்டின் நடுவில்
உள்ளங்கையளவு ஒரு பளபளப்பு.
மற்ற காருக்கு அது அழகு.
இதற்குத் தழும்பு.
கீறலைக்கூட ஏதாவது செய்யலாம்,
தேய்த்து வந்த மினுமினுப்பைத்
தேய்த்துக் கழற்ற முடியாது.
முழு பானெட்டுக்கும் புதுப் பெயிண்ட்,
அதுவும் பழைய கறுப்போடு சேருமா என்று
அடிக்கிறவனுக்கே தெரியாது.

"யார் பண்ணியிருப்பாங்க?"

குனிந்து பார்த்தேன்.
டப்பாவில் விற்கிற மலிவு பாலிஷ்,
இன்னும் மண்ணெண்ணெய் வாசம்.
வட்டங்கள் எல்லாம்
கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தன.
இடதுகை.

கேட்டில் என் பெயரைக் கேட்டு
ரெஜிஸ்டரில் இடதுகையால் எழுதிய பையன்
தூணோரம் நின்றிருந்தான்.
சுதாம் நாயக், சட்டைப்பையில் பெயர்.
இரவு எட்டு முதல் காலை எட்டு வரை
தூங்கக் கூடாத பன்னிரண்டு மணி நேரம்.
இருநூறு வண்டி மினுங்க
இது மட்டும் ஏன் இப்படி என்று
பாவம் பார்த்திருப்பான்.
சொந்தக் காசில் டப்பா வாங்கியிருப்பான்.
பாதியில் ஏன் நிறுத்தினான்?
யாராவது ஹாரன் அடித்திருக்கலாம்.

"காக்காய் சார்" என்றேன்.

அவர் தலை நிமிர்ந்து
கான்கிரீட் கூரையைப் பார்த்தார்.

"ஆபீஸ்ல வெளிய நிறுத்தியிருப்பீங்க.
பெருங்குடிக் குப்பைக் காக்காய்,
எச்சம் வேற மாதிரி.
நீங்களே டிஷ்யூ வெச்சுத் துடைச்சீங்களா?"

யோசித்தார்.
எல்லோரும் ஒருநாளாவது
டிஷ்யூ வைத்துத் துடைத்திருப்பார்கள்.
அது எனக்குத் தெரியும்.

உறுதிப்படுத்திக்கொள்ள
பானெட்டின் மேல் குனிந்தார்.
அந்தக் கார் முழுக்க
முகம் தெரிகிற ஒரே இடம் அதுதான்.
அதில் அவர் கொஞ்ச நேரம் இருந்தார்.
பிறகு தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார்.

"இப்போதைக்கு இருக்கட்டும்."

வருகைக் கட்டணம் ஐந்நூறு.
வாங்கிக்கொண்டேன்,
பொய்க்குத் தனியாக எதுவும் போடவில்லை.

கேட்டில் சுதாம்
வெளியேறும் நேரம் எழுதினான்,
மை காயாத எழுத்தின் மேல்
மணிக்கட்டு உரச உரச.
வரி முழுக்க நீலமாய்க் கலங்கிவிட்டது.
துடைக்கத் துணியை எடுத்தான்.

"வேண்டாம்" என்றேன்.
"விடு.
அப்படியே காயட்டும்."