தன் முதுகு

வியாழக்கிழமை ஆறு மணிக்கு
சவுனாவுக்குள் போவோம், மூவர்.
இப்போது இருவர்.
மேல்தட்டில் இடது ஓரம் தோய்வோவின் இடம்.
போன மார்ச்சில் விறகு அடுக்கும்போது
நெஞ்சைத் தடவிக்கொண்டு
"கட்டை கொஞ்சம் ஈரம், அதான் கனக்கிறது" என்றானாம் மனைவியிடம்.
அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
அவன் இடத்தில் வாளியை வைத்திருக்கிறோம்.

இந்த ஏரிக்கரையில் ஆண்கள் பேசுவது
சூடான கல்லில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி:
ஒரு கரண்டி, ஒரு சீறல்,
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

முப்பத்தொரு வருடம் மரலாரி ஓட்டியவன் நான்.
பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்தே பிழைத்தவன்.
அந்தக் கண்தான் பார்த்தது,
ரைமோ குனிந்து கரண்டியைத் தேடியபோது,
வலது தோள்பட்டைக்குக் கீழே.
மச்சம் எப்போதும் இருந்ததுதான்.
மிளகளவு, வட்டமாக.
இப்போது ஓரம் கலைந்து
ஈரத்தாளில் மை ஊறியதுபோல.

சொல்லவில்லை.
அடுத்த வியாழனும் சொல்லவில்லை.
இன்னோர் ஆணின் முதுகை
இத்தனை கவனமாகப் பார்த்திருக்கிறேன் என்பதை
எந்த வாயால் சொல்வது?
மூன்றாம் வியாழன் ஐஸ் ஹாக்கி பேசினோம்.
நான்காவது வியாழன்
வாளி என்னைப் பார்த்தபடி இருந்தது,
பாதித் தண்ணீரோடு.

"ரைமோ, உன் முதுகில் ஒன்று இருக்கிறது."
"எல்லார் முதுகிலும் ஏதோ இருக்கும்."
"இது வளர்கிறது."
கையைப் பின்னால் வளைத்துத் துழாவினான்.
எட்டவில்லை.
விரலை வைத்துக் காட்டினேன்.
நாற்பது வருடத்தில், கைகுலுக்கல் நீங்கலாக,
அவனைத் தொட்டது அதுதான்.
"எத்தனை நாளாகத் தெரியும்?"
"நான்கு வாரம்."
மூன்று கரண்டி ஊற்றினான், தொடர்ந்து.
காது எரிந்தது. எழுந்து போகவில்லை நான்.

சுகாதார நிலையம் எழுபது கிலோமீட்டர்.
பஸ்ஸில் போய்க்கொள்வேன் என்றான்.
விடியற்காலை அவன் வாசலில் வண்டியோடு நின்றேன்,
ஹாரன் அடிக்காமல்.
வெளியே வரும்போது ஷூ கயிறு கட்டியிருக்கவில்லை.

"யார் கவனித்தது?" என்று கேட்டாராம் மருத்துவர், சின்னப் பெண்.
"ஒரு லாரிக்காரன்."
வெட்டி எடுத்தார்கள். ஆழம் போகவில்லை.
இன்னொரு குளிர்காலம் விட்டிருந்தால் என்று தொடங்கியவர்
முடிக்கவில்லையாம்.
முடிக்கச் சொல்லி இவனும் கேட்கவில்லை.
மச்சக்காரன் என்று கேலி செய்தேன்,
மச்சம் போன பிறகு.

தையல் ஆறும்வரை சவுனா கூடாது.
கோட்டும் தொப்பியுமாகப் படியில் உட்கார்ந்து
பிளாஸ்க் காபி குடித்தோம், வியாழன் தவறாமல்.
சூடில்லாத இடத்தில் பேச்சு வராது என்றிருந்தேன்.
தோய்வோவைப் புதைத்த நாளிலிருந்து
தூக்கமில்லை என்றான் ரைமோ, பனியைப் பார்த்துக்கொண்டு.
எனக்கும்தான், என்றேன்.

நேற்று மறுபடி உள்ளே.
பிர்ச் இலைக்கட்டால் அவன் முதுகை அடித்தேன்,
தழும்பைச் சுற்றிக்கொண்டு.
பிறகு வெளியே போக எழுந்தேன்.
"மூன்றாவது தடவை" என்றான்.
"என்ன?"
"ஒரு மணி நேரத்தில். இரவில் எத்தனை?"

கதவுப் பிடியில் கை.
பின்னாலிருந்து அவன் பார்ப்பது தெரிந்தது,
லாரி ஓட்டாதவன்,
எத்தனை வாரமாகவோ.
"கதவைச் சாத்து, சூடு போகிறது. சொல்."

"மூன்று" என்றேன்.
கல் ஒருமுறை வெடித்தது.
"ஐந்து."